சீனிவாசலுவின் நாற்பத்தெட்டு நாள் மௌனம்

துடியலூர் சீனிவாசலு தம் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இடம், பேக்கரி. கையில் பாதி தேங்காய் பன்.

பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மோட்டார்களைச் சோதித்துப் பார்த்தவர். ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்தது. பழைய கூட்டாளி ஒருவர் டீயை ஊதிக்கொண்டே, இப்போது என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். "சும்மாத்தானுங்க இருக்கறேன்" என்றார் இவர். கேட்டவர் டீயைக் குடித்துவிட்டுத் தம் பாட்டுக்குப் போய்விட்டார். இவர் மீதி பன்னை அப்படியே வைத்துவிட்டார். இனி நம்மால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லையோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதலில் வந்தது.

அந்த வாரமே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாழ்வின் நோக்கம் பற்றி மூன்று நாள் வகுப்பு நடந்தது. நடத்தியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொருவருடைய நோக்கமும் அவரவர் உள்ளே பேசிக்கொண்டேதான் இருக்கிறது, நாம் பேசுகிற சத்தத்தில் அது காதில் விழுவதில்லை, அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். மருந்தும் சொன்னார். நாற்பத்தெட்டு நாள், விடிந்ததிலிருந்து மதியம் பன்னிரண்டு மணி வரை மௌனம்.

சீனிவாசலு வீட்டுக்கு வந்து மனைவி ரங்கம்மாளிடம் அறிவித்தார். கூடவே சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தார். எழுத்தும் கிடையாது, சைகையும் கிடையாது. இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சைகைக்கு இடம் கொடுத்தால் பையைக் கையில் திணித்துக் கறிவேப்பிலைக்கு அனுப்பிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

ரங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். அன்று நல்ல தமிழே வந்தது. சீனிவாசலு அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, நடுவுல ஒரு வார்த்தை பேசிப்போட்டீங்கன்னா?"

"பேசிப்போட்டா ஒரு வருசத்துக்கு நீ சொல்ற வேலையெல்லாம் ஏன்னு கேக்காமச் செய்யறேன், அம்மணி. காரமடை ரங்கநாதர் மேல சத்தியம்."

"சேரிங்க" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் வாரம் சொர்க்கம். கேஸ் கம்பெனிக்கு யார் போன் செய்வது? ரங்கம்மாள். தேய்க்கிறவரிடம் சட்டைக் கணக்குக்கு மல்லுக்கட்டுவது யார்? ரங்கம்மாள். சீனிவாசலு போர்டிகோவில் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நோக்கம் பேசவில்லை. பரவாயில்லை, அதற்கும் கூச்சம் இருக்கும் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு அடித்ததும், "சாப்பாடு ஆச்சா?" என்று வாயைத் திறப்பார்.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே இருபது நாற்காலி போட்டிருந்தது. இருபதிலும் ஆள். தெருவின் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். வழக்கமாக ஜெபமணி டீச்சர் வீட்டு மாடியில்தான் நடக்கும். டீச்சர்தான் சங்கத் தலைவி. இந்த முறை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், டீயும் போடுகிறேன் என்று ரங்கம்மாள் கேட்டு வாங்கியிருந்தாள்.

பேச்சு ஒரே விஷயம், சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும். ஆறு மாதமாக அந்தப் பதவி காலி. அதில் உட்காருவதைவிட ஆட்டுக்கல்லைத் தலையில் சுமக்கலாம் என்பது தெருவின் அபிப்பிராயம். அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை வரும். வால்வு திறக்கிற காளிச்சாமியைப் போனில் பிடித்து வரவழைப்பது செயலாளர். மேல்கோடியில் யாரும் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சாமல் காவல் நிற்பது செயலாளர். கீழ்கோடிக்குத் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவதும் அவரே. முன்பு செயலாளராக இருந்த மாரப்பன் ஆனைமலைக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முன்னால் போன் நம்பரை மாற்றினார்.

ரங்கம்மாள் எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, தன் வீட்டுக்காரர் பெயரை முன்மொழிந்தாள். கீழ்கோடி பக்ருன்னிசா வழிமொழிந்தார்.

"சீனிவாசலு அண்ணா, உங்களுக்கு ஏதாச்சும் ஆட்சேபணைங்களா?" என்று ஜெபமணி டீச்சர் கேட்டார். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல்.

கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. சீனிவாசலு மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் சத்தியம் போச்சு. ஒரு வருஷத்துக்கு ரங்கம்மாள் சொல்கிற வேலை. அவள் என்ன வேலை சொல்வாள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வாயைத் திறக்காவிட்டாலும் அதே வேலை. தலையை ஆட்டலாமா? சைகை கூடாதென்று சட்டம் போட்டது யார்? எழுந்து உள்ளே போய்விடலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தார்.

ரங்கம்மாள் டீத்தட்டோடு குனிந்தாள். "எந்திரிச்சுப் போறதும் ஒரு சைகைதானுங்களே" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

டீச்சர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு, ஆட்சேபணை இல்லை, ஏகமனதாகத் தேர்வு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். பதினொன்று ஐம்பதுக்கு நாற்காலிகள் காலி. இவ்வளவு சீக்கிரம் முடிந்த கூட்டம் அந்தச் சங்க வரலாற்றிலேயே இல்லை.

பன்னிரண்டு அடித்தது.

"என்ன காரியம் பண்ணிப்போட்ட நீயி? என்னோட நோக்கத்தைத் தேடிட்டிருக்கறேன், எனக்கு வால்வு எதுக்கு?"

"புடிக்கலீன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துப்போடுங்க. யாரு உங்களப் புடிச்சு வெச்சிருக்கறாங்க?"

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பேனாவை எடுத்தார். அதற்குள் பக்ருன்னிசாவிடமிருந்து போன். அன்று தண்ணீர் நாள். காளிச்சாமி காலையிலேயே வால்வைத் திறந்துவிட்டார். மேல்கோடியில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஆனாலும் கீழ்கோடியில் சொட்டுக்கூட இல்லையாம்.

போகவில்லையென்றால் திட்டு வீட்டுக்கே வரும். போனார். போகிற போக்கில் டூல்ஸ் டப்பாவிலிருந்து நீள ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டது பழக்க தோஷம். கீழ்கோடியில் ஏழெட்டுக் குடங்களும் அதைவிட அதிகமான ஆலோசனைகளும் காத்திருந்தன. சீனிவாசலு மண்டியிட்டு, ஸ்குரூ டிரைவரின் முனையைக் குழாய் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். பேரிங் தேய்ந்த மோட்டாரைக் கம்பெனியில் அப்படித்தான் கண்டுபிடிப்பார்.

"செத்த நேரம் எல்லாரும் பேசாம இருங்க" என்றார். இருந்தார்கள்.

"உள்ள காத்து அடைச்சிருக்குதுங்க. கடைசி ஊட்டுக் குழாயை முழுசாத் தொறந்து உடுங்க."

திறந்தார்கள். குழாய் இரண்டு நிமிஷம் சீறியது, இருமியது, செம்மண்ணாகத் துப்பியது. அப்புறம் தண்ணீர் வந்தது. சீனிவாசலுவின் வேட்டிதான் முதலில் நனைந்தது.

"இத்தன வருசமா இந்தக் காதை எங்கீங்ணா வெச்சிருந்தீங்க?" என்றார் பக்ருன்னிசா.

சீனிவாசலுவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். நாலைந்து மாதமாக அவரை யாரும் எதற்கும் தேடியதில்லை. திரும்பி வருகிற வழியில் மூன்று வீட்டுக் குழாயில் காதை வைத்துப் பார்த்தார், யாரும் கேட்காமலே. வீட்டு வாசலுக்கு வந்ததும் முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டார். சந்தோஷம் வெளியே தெரிந்தால் ரங்கம்மாள் ஜெயித்ததாக ஆகிவிடுமே.

ஈர வேட்டியோடு உட்கார்ந்து, வாழ்வின் உயர்ந்த நோக்கத்தை முன்னிட்டுப் பதவி விலகுவதாக அரைப் பக்கம் எழுதினார். மூன்று இடத்தில் அடித்து எழுதினார். ஒரு முடிவோடு செருப்பைத் தேடினார்.

"இதை ஜெபமணி டீச்சர்கிட்டக் குடுத்துப்போட்டு வாரேன்."

ரங்கம்மாள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர் வாங்க மாட்டாங்க. ராஜினாமாவச் செயலாளர்கிட்டத்தான் குடுக்கோணும்னு சட்டதிட்டத்துல இருக்குதுங்க. குடுத்துப்போட்டு, அவரு ஒத்துக்கறாரான்னு கேட்டுச் சொல்லுங்க, சோறு போடறேன்."