ஏ ஒன்றுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதையும் என் கையில் தர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோர்ட்டில் போய் நான் செய்து வைத்த காரியம் அப்படி.

கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் ஆறு படி. இவர் (என் வீட்டுக்காரர்) சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, கொல்லை வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். அந்த வழி பக்கத்து வீட்டு மண்ணில் போகிறது. அங்கே புதிதாக வந்தவர் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். வழி எங்களுக்கும் உண்டு என்று அந்த வீட்டுப் பழைய சொந்தக்காரர் என் மாமனாருக்கு எழுதிக் கொடுத்த ஒரே ஒரு காகிதம்தான் எங்கள் பலம். எழுதினவரும் இப்போது உயிரோடு இல்லை, சாட்சி போட்டவரும் இல்லை. அது இப்போது உண்டாக்கின காகிதம் என்று எதிர்க்கட்சி சொன்னது.

வீடு என் பேரில். ஆகவே கூண்டில் ஏற வேண்டியவளும் நான். (ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பால்காரரிடமே கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள்!)

எங்கள் வக்கீல் ஸ்ரீலதா, மலையாளம் கலந்த தமிழில், படித்துப் படித்துச் சொன்னாள். "மாமி, அசலைப் பத்திரமா கொண்டு வரணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா மதி. வேற ஒண்ணும் பறைய வேண்டாம், கேட்டேளா?"

கேட்டேன். பத்திரமாகவும் கொண்டு போனேன். புறப்படும் முன் சுவாமி முன்னால் வைத்து, ஓரத்தில் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தேன். அவ்வளவுதான்.

கோர்ட்டில் கிளார்க் அதை வாங்கி, பேனாவைத் திறந்து, அதன் மேலேயே 'ஏ ஒன்று' என்று எழுதப் போனார்.

"ஐயோ, அதுல எழுதாதேங்கோ!"

கத்தியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அப்படிக் குறி போட்டால்தான் காகிதம் சாட்சியத்தில் சேருமாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார்கள். எனக்கு ஏறியிருக்காது.)

அடுத்து எதிர்க்கட்சி வக்கீல் காகிதத்தை வாங்கினார். விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. விரலை ஜட்ஜம்மாவிடம் தூக்கிக் காட்டிவிட்டு, என்னிடம் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார்.

"இது ஆரு வெச்சதாக்கும்?"

"நான்தான்."

"எப்போ?"

"இன்னைக்குக் கார்த்தால. குளிச்சுட்டுத்தான் வச்சேன்." (குளித்தேனா என்று அவர் கேட்கவே இல்லை.)

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீலதா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்போ இந்தக் கறையெல்லாம்? பழசாக் காட்டறதுக்கு இதும் நீங்க உண்டாக்கினதுதானே?"

கறை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "கறை இல்லை சார், பொட்டு. சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகத்தோட இதையும் அடுக்குவோம். வருஷத்துக்கு ஒண்ணு. மேல் வரிசை மாமியார் வச்சது, அவ பொட்டு பெரிசு. கீழ எல்லாம் நான். மாமனார் காலமான வருஷம் மட்டும் இருக்காது. தீட்டு. இடம் விட்டிருக்கேன் பாருங்கோ."

ஜட்ஜம்மா காகிதத்தை வாங்கி, பென்சில் முனையால் பொட்டுகளைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். மாமனார் எந்த வருஷம் போனார் என்று கேட்டார். சொன்னேன். ஏதோ எழுதிக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேனே. இனிமே உங்களைப் படியிலதான் தூக்கணும்" என்று வீட்டுக்கு வந்து இவரிடம் அழுதேன். அந்த வாரம் முழுக்க ரசத்தில் உப்பில்லை.

தீர்ப்பு வந்த அன்று ஸ்ரீலதா போனில் கத்தினாள். "மாமி, ஜயிச்சாச்சு! பொட்டை எண்ணினா வருஷம் சரியா வரது, காகிதம் பழசுதான்னு ஜட்ஜ் எழுதியிருக்கா. அந்த மனுஷன் பொட்டைப் பத்திக் கேக்காம இருந்திருந்தா நாம தோத்திருப்போம்!"

கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அப்பீல் போயிருக்கிறார்கள், அதனால் காகிதம் இன்னும் கோர்ட்டில்தான். எங்கள் வீட்டிலோ சரஸ்வதி பூஜை வந்தால் பாஸ்போர்ட், ஆதார் எல்லாம் எங்கேயோ ஒளிந்துகொள்கின்றன. கொல்லை வழியாக நாற்காலியைத் தள்ளிப் போகும்போது இவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். "இந்த வருஷப் பொட்டு பாக்கி இருக்கேடி. கோர்ட்டுக்குப் போய் வச்சுட்டு வரியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

(ஸ்ரீலதாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். விட மாட்டார்களாம்.)