ஓட்டிப் பார்க்க ஒரு மைனா

செந்தில்குமார் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, காரின் பின்கதவில் வைத்தான். ஒட்டிக்கொண்டது. முன்கதவில் வைத்தான். ஒட்டிக்கொண்டது. பானெட், டிக்கி, மட்கார்டு என்று வைத்துக்கொண்டே வந்து, தொடங்கிய இடத்துக்கே மறுபடியும் வந்து நின்றான்.

"என்ன தம்பி, சாமி கும்புடுறீங்களா? மூணு சுத்து ஆச்சு" என்றார் சாமிக்கண்ணு.

"இல்லீங்க ஐயா. அடிபட்ட எடத்துல பட்டி பூசியிருந்தா காந்தம் ஒட்டாது. அதான் பாக்குறேன்."

"பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க. அவசரமே இல்ல."

கார் விற்கிறவர் வாயிலிருந்து செந்தில்குமார் இதுவரை கேட்டிராத வார்த்தை அது. பெரம்பலூர் ஷோரூமில் டை கட்டிய பையன், "இன்னைக்கே புக் பண்ணிடுங்க சார், நாளைக்கு விலை ஏறுது" என்றான். அரியலூரில் பழைய கார் விற்கும் ராஜேஷ், "வெளியில ரெண்டு பார்ட்டி நிக்குது சார்" என்றான். எட்டிப் பார்த்தால் வெளியே ஒரு ஆடு நின்றது. திருமழபாடியில் இந்த மனிதர் மட்டும் அவசரமே இல்லை என்கிறார்.

மூன்று இடத்திலும் இருந்தது ஒரே கார்தான். மைனா. சின்னக் குடும்பத்துக்கான சின்னக் கார். ஷோரூமில் இருப்பது மூன்றாம் தலைமுறை. பெரிய திரை, ஆறு காற்றுப்பை, பெல்ட் போடாவிட்டால் விடாமல் கத்தும் ஒரு மணி. ராஜேஷிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை. ஏழெட்டு வருஷம் ஓடியது. ஓட்டம் நன்றாக இருந்தது, ஆனால் முன்பம்பர் மட்டும் மற்ற பாகத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. சாமிக்கண்ணுவின் கார் முதல் தலைமுறை. பதினைந்து வயது. கதவைச் சாத்தினால் 'டம்' என்று கனமாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே செந்தில்குமார் நாலு தடவை சாத்திப் பார்த்தான்.

கார் அவனுக்கல்ல, மனைவிக்கு. சிவரஞ்சனி செந்துறை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரியலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தாள். இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, இனிமேல் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் பஸ். பாதி நாள் நின்றுகொண்டே பயணம். அவள் கார் ஓட்டக் கற்று, லைசன்சும் வாங்கி வைத்துவிட்டாள். கார்தான் வரவில்லை.

"எதையாவது ஒண்ண வாங்குங்களேன்" என்றாள்.

"எதையாவது வாங்குறதுக்கு இது என்ன கத்திரிக்காயா?" என்றான் அவன்.

அவன் பெரம்பலூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். எதையும் மறுபடி அளந்து பார்க்காமல் நம்புவதில்லை. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. அவன் தாத்தா சொந்தமாக மாட்டுவண்டிகூட வைத்திருந்ததில்லை. அடுத்தவர் வண்டியில் அடுத்தவர் நெல்லை ஏற்றி இறக்கியே காலம் போயிற்று. அப்பா ஆசைப்பட்டு ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். வாங்கிய வாரமே நடுத்தெருவில் அது இரண்டாக முறிந்தது. ஹாண்டில்பார் கையிலும் சீட்டு காலுக்கடியிலுமாக அவர் நின்றதைச் சொல்லி அந்தத் தெரு வெகுகாலம் சிரித்தது. அவர்கள் பரம்பரையில் முதல் கார் இது. அதுவும் முறிந்துவிடக் கூடாது என்று அவனுக்கு ஒரு பயம். இதை மனைவியிடம் சொன்னதில்லை.

"ஐயா, ஏத்தத்துல இழுக்குதான்னு ஓட்டிப் பாக்கணும்" என்றான், கொஞ்சம் தயங்கி.

"தாராளமா. கண்ணுல ஆபரேஷன் ஆனதிலேருந்து நான் ஓட்டுறதில்ல. அதான் விக்கிறதே. கொள்ளிடக் கரைமேல ஏத்திப் பாருங்க... இல்ல, அந்த ஏத்தம் பத்தாது. அரியலூர் பாலத்துல ஏத்துங்க. அதுதான் ஏத்தம்."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வீரம்மாள் வந்தார். நல்ல சேலை, கையில் பை, தலையில் பூ.

"பாலத்துக்குப் பக்கத்துலதான் தம்பி பல்லு டாக்டரு. நானும் ஒரு எட்டு வந்துடறேன்."

பாலத்தில் கார் நன்றாகவே இழுத்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றை முந்திக்கூடக் காட்டியது. பல் டாக்டரிடம் மட்டும் மத்தியானம் வரை ஆயிற்று. செந்தில்குமார் அதற்குள் எண்ணெய்க் குச்சியை உருவி, துடைத்து, மோந்து பார்த்து, மறுபடி செருகினான். திரும்பி வந்ததும், "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றான்.

"அட, இதுல என்ன தொந்தரவு" என்றார் சாமிக்கண்ணு. "விலை என்னன்னு..." என்று அவன் தொடங்கியபோது, "அது கெடக்குது தம்பி. மொதல்ல உங்களுக்குத் திருப்தி ஆகணும்" என்று சொல்லிவிட்டார்.

பிறத்தியார் பொருளை இத்தனை நேரம் ஓட்டிவிட்டு முடிவு சொல்லாமல் வருகிறோமே என்று அவனுக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் யூடியூபில் ஒருத்தர், பழைய காரைக் கட்டாயம் மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். உறுத்தலோடு மறுபடி போன் செய்தான்.

"மோசமான ரோடா?" சாமிக்கண்ணு ஒரு நிமிஷம் யோசித்தார். "ஏலாக்குறிச்சி பக்கம் வாய்க்கால் ஓரமா ஒண்ணு இருக்கு. குண்டும் குழியுமா இருக்கும், உங்களுக்குத் தோதா. புதங்கெழம வாங்க."

புதன்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொன்னான். அந்த ரோட்டில் குலுங்கியதில் மதியத்துக்குள் நிஜமாகவே வயிறு வலித்தது. காரில் ஒரு சத்தம்கூட இல்லை. பின்சீட்டிலிருந்து வீரம்மாள்தான், "முருகா, அல்லாவே, மாதாவே" என்று மூன்று மதத்துக்கும் பொதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

ஏலாக்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில், "இங்க ஒரு நிமிசம்" என்றார் சாமிக்கண்ணு. மின்வாரியத்தில் அவரோடு வேலை பார்த்த அய்யம்பெருமாள், பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தார். செந்தில்குமார் ஜன்னல் வழியாகப் பார்த்தான். சாமிக்கண்ணு சிநேகிதரின் செயலற்ற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மின்விசிறியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சாமிக்கண்ணு துண்டால் அதைத் துடைத்துவிட்டு, மறுபடி விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

செந்தில்குமார் சத்தமில்லாமல் காருக்குத் திரும்பி வந்து டயர்களைச் சோதித்தான். சோதித்து முடித்த டயர்களையே திரும்பவும் சோதித்தான். உள்ளே போய் அவரை எழுப்ப மனசு வரவில்லை.

திரும்பும்போது, "டயர் பாக்கறதுல நேரம் போயிடுச்சு ஐயா, மன்னிச்சிடுங்க" என்றான்.

சாமிக்கண்ணு அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ராஜேஷ் போன் செய்தான். "சார், அந்த ரெண்டாவது மாடல வேற பார்ட்டி கேக்குறாங்க. நெசமாவே கேக்குறாங்க சார்."

"பம்பர் ஏன் வெளுத்துருக்குன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லியே?"

"வெயில்ல நின்னா நீங்களும் வெளுப்பீங்க சார்" என்று வைத்துவிட்டான்.

சிவரஞ்சனி இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கார்ல என்ன கொற?"

"கொற என்னன்னு தெரியல. அதான் கொற."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்தது ஒரே சோதனை. ஆள் நிறைய ஏறினால் பின்பக்கம் தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. நாலு பேருக்கு எங்கே போவது? ஆனால் சாமிக்கண்ணு, "லோடு டெஸ்ட்டா? வர்ற வெள்ளிக்கெழமையே வச்சிக்குவோம்" என்றார், ஏற்கனவே தேதி குறித்து வைத்திருந்ததுபோல.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் வாசலில் வீரம்மாள், வீரம்மாளின் தங்கை பொன்னம்மாள், பொன்னம்மாளின் சம்பந்தி, ஒரு பலாப்பழம், இரண்டு பித்தளை அண்டா. செந்துறையில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து.

"எல்லாம் லோடுக்குத்தான் தம்பி" என்றார் சாமிக்கண்ணு.

மூன்று பெண்கள் பின்னால். அண்டாக்கள் டிக்கியில். பலாப்பழம் சாமிக்கண்ணுவின் மடியில். கார் கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் போயிற்று. காதுகுத்தில் செந்தில்குமாரை டிரைவர் என்று நினைத்துக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாமிக்கண்ணு பதறி வந்து, "இவரு கார் வாங்க வந்தவருப்பா" என்று முன்வரிசைக்கு அழைத்துப் போனார். சாப்பாடு நன்றாக இருந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு, அடுத்த ஊரில் இன்னொரு சொந்தக்காரரை ஒரு எட்டு விசாரித்துவிட்டு, எல்லோரும் திரும்பவும் ஏறுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

செந்துறை பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது முன்னால் ஒரு டிராக்டர் நின்றது. செந்தில்குமாரும் நிறுத்தினான். இடது பக்கம் பார்த்தான்.

நர்ஸ் உடையில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சிவரஞ்சனி நின்றிருந்தாள்.

அவளும் பார்த்தாள். பெரம்பலூரில் வேலையில் இருக்க வேண்டிய கணவன், பளபளக்கும் ஒரு காரில், முன்பின் தெரியாத மூன்று பெண்களோடு, நெற்றியில் சந்தனத்தோடு, வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரஞ்சனி..." என்றான். சாறு சட்டையில் வழிந்தது.

"யாரு தம்பி?" என்றார் சாமிக்கண்ணு.

"என் சம்சாரம் ஐயா."

"அட ஆண்டவா, ஏறச் சொல்லுங்க!" என்று வீரம்மாள் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் பொன்னம்மாள் பாதி வெளியே வந்தார். எல்லோரும் நகர்ந்தார்கள், மடங்கினார்கள், மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். இடம் வரவில்லை. பின்னால் அரியலூர் பஸ் ஹாரன் அடித்தது.

சிவரஞ்சனி குனிந்து உள்ளே ஒருமுறை பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க போங்க. நான் பஸ்ல வந்துடறேன்" என்றாள். பஸ்ஸில் ஏறினாள். பஸ் அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது, வழியெல்லாம் முன்கண்ணாடி வழியாக அவனுக்குத் தெரிந்துகொண்டே வந்தது.

அவர்களைத் திருமழபாடியில் இறக்கிவிட்டு அவன் அரியலூர் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு கார் நின்றது. மைனா, இரண்டாம் தலைமுறை. முன்பம்பர் வெளுப்பு.

"பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேரா அந்த ராஜேஷ் கடைக்குத்தான் போனேன்" என்றாள் சிவரஞ்சனி. "உக்காந்தேன். ஒரு ரவுண்டு போனேன். எறங்கினப்ப இடுப்பு வலிக்கல. முன்பணம் குடுத்துட்டு ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"பம்பர்...?"

"வாசல் தூண்ல இடிச்சிருக்காரு பழைய ஓனரு. கேட்டேன், சொன்னாங்க."

முறிந்த சைக்கிளைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "முறிஞ்சா முறியட்டும். சேந்தே தெருவுல நிப்போம்" என்றாள். அவன் போய் காரின் கதவைத் திறந்து சாத்தினான். 'டம்' என்று கேட்கவில்லை, 'டப்' என்றுதான் கேட்டது. பரவாயில்லை என்று தோன்றியது.

ஆனால் சாமிக்கண்ணுவை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு மாசமாக ஆசை காட்டி, வயசான மனுஷரைப் பாலத்துக்கும் பள்ளத்துக்கும் அலைக்கழித்து, கடைசியில் வேறு காரை வாங்கியாயிற்று. எத்தனை நம்பிக்கையோடு காத்திருப்பார்! போனில் சொல்வது மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் பூவன் பழமும் ஒரு கிலோ லட்டும் வாங்கிக்கொண்டான். சிவரஞ்சனி ஓட்ட, வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். "ஐயா, என்ன மன்னிக்கணும்... இல்ல, நேரா கால்ல விழுந்துடவா?"

"ரோட்டப் பாக்க விடுங்க" என்றாள் அவள்.

திருமழபாடியில் வீடு பூட்டியிருந்தது. கொட்டகையில் கார் இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க தம்பி. பெரம்பலூருலேருந்து ஒரு சார் கார் பாக்க வந்தாரு. லாங்குல ஓட்டிப் பாக்கணும்னாராம்."

செந்தில்குமாருக்குத் துக்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. பழப்பையைக் கீழே வைத்தான்.

"நல்லதும்மா. நான்தான் வாங்குறேன், வாங்குறேன்னு சொல்லி ஒரு மாசமா அவர அலைய வச்சிட்டேன். அந்த சாராவது நல்ல வெலைக்கு வாங்கிக்கட்டும்."

சின்னம்மாள் கடலை உடைப்பதை நிறுத்தி, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, போன மாசத்து ஆளு நீங்கதானா? அந்தக் காரை அவரு நாலு வருசமா வித்துக்கிட்டு இருக்காரு தம்பி. மொதல்ல டிரைவர் வேணும்னு சொல்லிப் பாத்தாரு, ஒருத்தரும் வரல, கார் விக்கிறேன்னு சொன்னாரு, அன்னையிலேருந்து ஆளு வந்துக்கிட்டே இருக்கு."