ஒரு இருமலுக்கு ஒரு ரெக்கார்டு

அச்சகத்தில் பிழை திருத்துகிற அந்த மனிதருக்கு அங்கே 'ஒற்றர்' என்று பெயர். எந்தப் பக்கத்தில் ஒரு 'க்' விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு ஹாலில் வந்து நின்று பிரகடனம் செய்தார்.

"ரெக்கார்டு ரெக்கார்டுதான்! சி.டி. சி.டி.தான்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

"ரெண்டுலயும் ஒரே இசைதானே?" என்றாள் மனைவி.

"ஒரே வாக்கியம்தான். ஆனா ஒற்று விட்டுப்போச்சு! கடைசியில எல்லா வாத்தியமும் ஓய்ஞ்சு, சின்னதா ஒரு மணி மட்டும் வருமே? ரெக்கார்டுல அழகா வருது. சி.டி.ல முழுங்கிட்டான்."

"எனக்கு ரெண்டுலயும் கேட்குதே."

"எனக்கே காது குத்தப் பாக்கறியா?"

"காது குத்தறதெல்லாம் எங்க ஆஸ்பத்திரியில கிடையாது. டெஸ்ட் மட்டும்தான். அதுக்குத்தான் ரெண்டு வருஷமா வாங்க வாங்கன்னு கூப்பிடறேன்."

அந்த அம்மாளுக்குக் காது ஆஸ்பத்திரியில் வேலை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, 'சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க' என்று சொல்லவேண்டும். ஊரே அவள் சொன்னால் கையைத் தூக்கியது. கட்டின புருஷன் மட்டும் கையை விரித்தார்.

அவருக்குப் பயம். அதுதான் உண்மை. அந்த டெஸ்டில் ஒரு காகிதம் தருவார்கள். அதில் ஒரு கோடு சரிந்துகொண்டே போகும். உனக்கு வயசாகிவிட்டது என்று பிழையில்லாமல் சொல்லிவிடும். ஆயுசு முழுக்க அடுத்தவன் பிழையைத் திருத்தியவருக்கு, தன்னிடம் திருத்த முடியாத பிழை ஒன்று இருப்பதைப் பார்க்கத் தைரியமில்லை.

பந்தயம் முடிவாயிற்று. அவர் சுவரைப் பார்த்து உட்காரவேண்டும். அவள் ரெக்கார்டையோ சி.டி.யையோ போடுவாள். பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னால், காது டெஸ்ட் என்ற பேச்சையே அவள் இனி எடுக்கக்கூடாது. தோற்றால் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கண்ணாடி அறை. நடுவர், மாடிவீட்டு லிஃப்ட் மெக்கானிக்.

அந்த நடுவரைத்தான் ஒற்றர் முந்தின நாளே வளைத்துப்போட்டிருந்தார். காரணம் இருந்தது. சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனபின், மெக்கானிக்கை மாற்றி மாற்றிப் போடச்சொல்லி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார். எது எதுவென்று சத்தியமாகத் தெரியவில்லை. வயர் சரியில்லை என்று வயர்மேல் பழியைப் போட்டுவிட்டு, மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெக்கார்டுன்னா ஒரு தடவை இருமு. சி.டி.ன்னா சும்மா இரு. என் மானம் உன் தொண்டையில இருக்கு."

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் இசை வந்தது. மெக்கானிக் இருமினார்.

"ரெக்கார்டு! அந்தக் கதகதப்பே சொல்லுதே!"

இரண்டாவதுக்கு இருமல் இல்லை.

"சி.டி. உயிரே இல்லை. பிளாஸ்டிக்."

நாலுக்கு நாலு. ஒற்றருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி சமையலறைக்குப் போனாள். ஒரு பாட்டிலும் கரண்டியுமாக வந்து மெக்கானிக்கின் முன்னால் நின்றாள்.

"வாயைத் திறங்க, தம்பி."

"எனக்கு ஒண்ணும் இல்லைக்கா..."

"ரெக்கார்டு போடும்போது மட்டும் வர்ற இருமல் ரொம்ப ஆபத்து. திறங்க!"

இரண்டு கரண்டி உள்ளே போனது. ஒற்றர் சுவரில் இருந்த ஒரு விரிசலை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

ஐந்தாவது சுற்று. ஒற்றர் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். ஒன்றுமில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தோன்றியது. விட்டுக்கொடுப்பாரா?

"ரெக்கார்டு!"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இசை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிசப்தம் இருக்கு பாரு, அந்த ஆழம் சி.டி.ல வரவே வராது."

மெக்கானிக்தான் மெதுவாகப் பக்கத்தில் வந்து காதருகே குனிந்தார்.

"சார், மணி அடிச்சுட்டிருக்கு சார். இன்னும் அடிக்குது."

ஒற்றர் திரும்பினார். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கொண்டுபோய் வைத்த ஊசி கடைசி வளையங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிடித்த அதே இடம். அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே, ரெக்கார்டில் அழகாக வருகிறது என்று, அந்த மணி.

அப்போதுதான் விளங்கியது. ரெக்கார்டை இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறார். மணி வரும் இடம் வந்தால் மனசே அதை அடித்துக்கொள்ளும். காது இல்லாவிட்டாலும் பழக்கம் கேட்டுவிடும். சி.டி.யோ போன வருஷம் வாங்கியது. அதைப் போட்டால் அடுத்து என்ன வருமென்று மனசு முந்திக்கொள்வதில்லை. காதுதான் கேட்கவேண்டும். முழுங்கினது சி.டி. இல்லை. பாவம், அதை எவ்வளவு திட்டியிருக்கிறார்! அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"ஆனா ரெக்கார்டுதானே? சரியாத்தானே சொன்னேன்?" என்றார் பலவீனமாக.

"சரிதான். அஞ்சுக்கு அஞ்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க."

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, அப்போ நீங்க தினமும் சார்கிட்ட கத்தறது இதுக்குத்தானா?"

"கத்தாம? 'சாப்பிட வாங்க'ன்னு சொல்றதைக்கூட உங்க மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாத்தான் இவர் காதுல விழுது. ரெண்டு வருஷமா தொண்டை கிழியுது எனக்கு."

"ஐயையோ! நீங்க சாரைத் திட்டறீங்கன்னுல்ல நினைச்சேன்! சார் பாவம்னுதானே இருமவே ஒத்துக்கிட்டேன்!"

ஒற்றரும் அப்படித்தான் நினைத்திருந்தார். இவளுக்கு நாம் அலுத்துப்போய்விட்டோம் என்று எத்தனை நாள் தனியாக உட்கார்ந்து வருந்தியிருக்கிறார். எழுந்து அவளிடம் போனார்.

"நாளைக்கு வரேன். கண்டிப்பா வரேன். இத்தனை நாள் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கத்தவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் தன் இயல்பான குரலில், மெதுவாக, சிரித்துக்கொண்டே என்னவோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உதடு அசைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா சொன்னா?"

மெக்கானிக் மறுபடியும் அவர் காதருகே குனிந்தார்.

"இப்பதான் சார் நிஜமாவே திட்டினாங்க."