மணி அடித்தால் மேஜை மாற வேண்டும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் நலத்தைக் கேட்காதீர்கள், அதைக் கெடுத்ததே நீங்கள்தான். உங்கள் தங்கை போய் இரண்டு வருடம் ஆகவில்லை; கூடப்பிறந்த அண்ணனே அவள் புருஷனைப் பெண் பார்க்க அனுப்பிய கொடுமையை யாரிடம் சொல்வது? "சும்மா நாலு பேர்கிட்ட பேசிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றீர்கள். போனேன்.

ஓட்டல் மாடியில் மறுமணத்துக்குத் துணை தேடுவோர் கூட்டம், வரிசையாகச் சின்ன மேஜைகள். பெண்கள் உட்கார்ந்தே இருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் மணி அடித்ததும் ஆண்கள் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். காலமெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்கு எதிரே உட்கார்ந்து பேச வருமா? பக்கத்தில் உட்கார்ந்துதானே பழக்கம்? முதல் மேஜையில் ஒரு வங்கிக்கார அம்மா; நாற்காலியைத் தூக்கி அவர் பக்கத்தில் போட்டேன், இருவரும் சுவரைப் பார்த்தபடி இருந்தோம். "என்னங்க, பஸ்ஸுக்கா காத்திருக்கோம்?" என்று கேட்டுவிட்டார். அடுத்தவர் ஒரு நர்ஸ், நல்ல மனுஷி, கல்யாணம் முறிந்த கதையை வேகமாகச் சொல்லச் சொல்ல என் கால் தானாக அழுத்தியது, பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா, அந்தப் பழக்கம். அழுத்தியது அவருடைய புதுச் செருப்பை, உள்ளே அவர் காலும் இருந்தது.

கடைசி மேஜையில் நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா, நல்ல உயரம். "உங்க வீட்ல கார் யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் மச்சான். வாரமெல்லாம் கண்டவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்து உட்கார்ந்தவன், ஞாயிறு மட்டும் உங்கள் தங்கை ஓட்ட, காலை நீட்டித் தூங்கிப் போவேன் என்றேன். அவள் குட்டைக்காலுக்காக முன்னே இழுத்துவைத்த இருக்கை அப்படியே இருக்கிறது, அதைத் தள்ள மனமில்லாமல் காரையே எடுப்பதில்லை என்றேன். அழுகை வந்துவிட்டது. மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. பின்னால் நின்றவர், "அண்ணே, மீதியை வீட்ல போய் அழுங்க, என் நேரம் போகுது" என்றார்.

இனி என்னை எங்கும் அனுப்பாதீர்கள். அந்த இருக்கையை யாரும் தொடப்போவதில்லை. பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் புருஷன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். அந்த நூலக அம்மா இன்று கார் பழக வந்தார். பயிற்சிக் கார் பட்டறையில் இருக்கிறது. "உங்க காரை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார். திறந்தேன். அவர் உட்கார்ந்ததும் முழங்கால் இடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இருக்கையைப் பின்னே தள்ளிவிட்டார். அப்புறம்தான் நினைவு வந்து பதறி, "அவங்க எங்க வச்சிருந்தாங்கன்னு காட்டுங்க, அதே மாதிரி வச்சிடறேன்" என்றார். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தோம். எனக்கு இடம் தெரியவில்லை மச்சான். இருவரும் அழுதோம்.

ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். நம் காரில் என் பக்கம் பிரேக் கிடையாது.