கதிரைக் காக்கா அளந்த கச்சேரிகள்

சங்கீதத்தைச் சரியாக அளக்கத் தெரிந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் காத்தான்குடியில் இருக்கிறார். பாட்டுக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி என்று மட்டக்களப்பில் எங்கே நாலு பேர் உட்கார வேண்டியிருந்தாலும் பிளாஸ்ரிக் கதிரை அவரிடமிருந்துதான் வரும். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அதனால் எல்லாருக்கும் அவர் கதிரைக் காக்கா. வருடா வருடம் அமிர்தகழிக்குப் பக்கத்தில், வாவிக்கரைத் திடலில், திறந்தவெளி இசை விழா ஒன்று மூன்று நாள் நடக்கிறது. எங்கெங்கோ நாடுகளிலிருந்து பக்திப் பாட்டுக்காரர்களும் மேளக்காரர்களும் வருவார்கள். அதற்கும் கதிரை அவருடையதுதான். நான் பள்ளிக்கூட ஆசிரியை. குரல் கொஞ்சம் எடுபடும் என்று யாரோ சொல்லிவிட்டதால், மைக் பிடித்து அறிவிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வருடமே அவரைக் கவனித்தேன். கச்சேரிக்கு முன்னால் தூண்டில் நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கதிரையின் முன்காலும் அந்த நூலில் முட்டும்படி வரிசை வைத்தார். சுத்தமான வேலைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். கச்சேரி முடிந்து சனம் எழும்பிப் போனதும் மனிதர் மறுபடியும் நூலைக் கட்டிக் குனிந்தார். நூலுக்கும் கதிரைக் காலுக்கும் இடையில் விரல் வைத்து அளந்தார். அளந்ததை ஒரு கொப்பியில் எழுதினார். ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“காக்கா, என்ன தேடுறீங்க?”

“ஒண்டும் தேடல்ல டீச்சர். பாட்டு எவ்வளவு தூரம் போயிரிக்கெண்டு பாக்கன்.”

நான் விழித்த விழியைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. விளக்கினார்.

“மனிசன் வாயால பொய் செல்லுவான். கையைத் தட்டியும் பொய் செல்லுவான். குந்துற இடம் பொய் செல்லாது. கதிரை முன்னுக்குப் போனா சனத்துக்குப் புதினம் பாக்கிற ஆசை. பின்னுக்குப் போனா ஊட்டு நினைப்பு. பக்கத்தால விலகினா ஆள் ஆடியிரிக்கான், உள்ளுக்கு என்னமோ நடந்திரிக்கி.”

அன்று வந்திருந்தவர்கள் ஆபிரிக்க மேளக்காரர்கள். கதிரைகள் ஒன்றரை முழம் முன்னுக்குப் போயிருந்தன. நாலு கதிரைக்குக் கால் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போன விழாக்குழுவினரிடம் காக்கா, “இதுக்கு ஏன் மன்னிப்பு? நல்ல கச்சேரி!” என்று சந்தோசமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வருடம் ஐரோப்பாவிலிருந்து தேவாலயப் பாட்டுக் குழு ஒன்று வந்தது. நான் கண் கலங்கிப்போய்க் கேட்ட பாட்டு. ஆனால் கதிரைகள் ஒரு முழம் பின்னுக்குப் போயிருந்தன. காக்காவுக்கு இது பொருந்தவில்லை. முன்வரிசைக்காரர்களை வாசல்வரை துரத்திப் போய் விசாரித்தார். காற்று மாறி, ஜெனரேற்றர் புகை முன்வரிசைக்கு அடித்திருக்கிறது. “அது புகைட குற்றம், பாட்டுட குற்றமில்ல” என்று அந்தக் கணக்கை வெட்டிவிட்டு, மறுநாள் அவர்களைத் திரும்பப் பாட வைக்கச் சொல்லி என்னிடம் வந்து நின்றார். அவர்கள் அதற்குள் விமானம் ஏறிவிட்டார்கள். இன்றும் அவருடைய கொப்பியில் அதற்குப் பக்கத்து இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இன்னொரு முறை, தொண்டைக்குள்ளேயே இரண்டு குரல் எழுப்பிப் பாடுகிற ஒருவர் குளிர்நாடு ஒன்றிலிருந்து வந்தார். காக்கா அவரிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

“உங்கட ஊருல என்ன மாதிரிக் கதிரை பாவிக்கிற?”

அவர் சிரித்துக்கொண்டு, அங்கே எல்லாரும் நிலத்தில் இருந்துதான் கேட்பார்கள் என்றார். காக்காவுடைய முகம் இருண்டுவிட்டது.

“அல்லாஹ்வே! அப்ப பாட்டு நல்லமா இல்லையாண்டு எப்பிடித் தெரியும்?”

அந்தப் பாடகர் நெடுநேரம் யோசித்துவிட்டு, தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

நாங்கள் சிரிப்போம். ஆனால் ஐந்து பேர் உள்ள எங்கள் விழாக்குழுவில் எப்போதும் ஏழு அபிப்பிராயம். போன வருடம் சண்டை முற்றியது. விழாவில் எங்கள் மாவட்டத்துப் பாட்டென்று இருந்தது ஒன்றே ஒன்று. கரடியனாற்றில் வயல் செய்கிற சின்னவர் என்பவர் அம்மன் கோயிலில் உடுக்கு அடித்துப் பாடுகிற பாட்டு. மூன்று தரம் போய்க் கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்தவள் நான். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவருக்கு அந்த நேரத்தை வருங்காலத்தில் கொழும்பு இசைக்குழு ஒன்றுக்குக் கொடுக்க ஆசை. கடைசியில், காக்காவின் கொப்பி தீர்க்கட்டும் என்று முடிவானது. கதிரை ஒரு சாணாவது அசைந்தால் சின்னவர் வருடா வருடம் வருவார். அசையாவிட்டால் இனி இல்லை. இனி வரவேண்டாம் என்று கரடியனாற்றுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

போதாக்குறைக்கு அவருக்குக் கிடைத்தது பின்னேரம் நாலு மணி. வெயில் நேரே சனத்தின் கண்ணில் அடிக்கும். நான் ரகசியமாகக் காக்காவிடம் போனேன்.

“காக்கா, இந்த ஒருதரம் கொஞ்சம் பாத்து எழுதுங்களன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டீச்சர், நீங்க புள்ளையளுக்கு மார்க்ஸ் போடுறதும் இப்பிடித்தானா?”

நான் மேடைக்குப் போனேன்.

சின்னவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மைக்கைப் பாராமல், யாருக்கும் வணக்கம் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். உடுக்கின் ஒரே நடை. மழை கேட்டு, விளைச்சல் கேட்டு, அம்மாளிடம் உரிமையோடு கோபித்துக்கொள்கிற பாட்டு. நாற்பது நிமிடம். நான் பாட்டைக் கேட்கவில்லை, கதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட அசையவில்லை. குடை பிடித்தவர் குடையோடு அப்படியே இருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் முகம் சிவந்து வியர்வை ஒழுக இருந்தார். முடிந்தபோது கைதட்டக்கூட மறந்து எழும்பிப் போனார்கள்.

காக்கா நூலைக் கட்டினார். எல்லாக் கதிரையும் நூலில் முட்டிக்கொண்டிருந்தது.

“பூச்சியம்தானே காக்கா?” என்றார் தலைவர், கவலைப்படுகிறவர் போல.

“ஓம் சேர். பூச்சியம்” என்று காக்கா கொப்பியில் எழுதினார். என் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். முதல் கதிரையைத் தூக்கினார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மண்ணுக்குள்ளிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. மனிதர் முழங்காலில் இருந்து குழிக்குள் விரல் விட்டார். அடுத்ததைப் பிடுங்கினார். அதற்கடுத்ததையும்.

“சேர், இஞ்ச வாங்க. நேத்து இஞ்ச நடந்த மேளத்துக்கு ஒரு விரலும் தாழல்ல. இது நாலு விரல் மண்ணுக்குள்ள தாண்டிரிக்கி. ஆள் அசைஞ்சு கால மாத்தி வெச்சிருந்தா இப்பிடித் தாழாது. சனம் மூச்சுப் புடிச்சாப்போல இருந்திரிக்கி.”

தலைவர் விடுகிறவரா? “வெயிலுக்கு நித்திரையாகிப் போயிருப்பாங்கள் காக்கா.”

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். காக்கா கையைக் காட்டி என்னை மறித்தார். “அதுவும் இரிக்கலாம்” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். முன்கால் குழியை அளந்தார், பின்கால் குழியை அளந்தார். பத்துப் பன்னிரண்டு கதிரை பார்த்தபின்தான் நிமிர்ந்தார்.

“நித்திர கொள்றவன் பின்னுக்குச் சாய்வான் சேர். இஞ்ச முன்காலுதான் ஆழம். சனம் முன்னுக்குக் குனிஞ்சு கேட்டிரிக்கி.”

தலைவர் பிடிவாதக்காரர்தான், ஆனாலும் எஞ்சினியர். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, களிசானைத் தூக்கிக்கொண்டு தானே குந்தினார். முன்குழி, பின்குழி, முன்குழி, பின்குழி. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “அடுத்த வருசமும் கூப்பிடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். காக்கா பூச்சியத்தை வெட்டவில்லை. அதற்குப் பக்கத்தில் ‘கீழே நாலு விரல்’ என்று எழுதினார்.

இந்த வழக்கு எதுவும் தெரியாத சின்னவர் உடுக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்தார். காக்கா தனியாக மல்லுக்கட்டுவதைப் பார்த்து, மரவள்ளி பிடுங்குவது போல இரண்டு கையாலும் ஒரு கதிரையைப் பிடுங்கினார்.

“என்ன காக்கா, இப்பிடி இறுகிக் கிடக்கு?”

“எல்லாம் உங்களாலதான் அண்ணன்” என்றார் காக்கா. “மறுகா வரக்குள்ள கொஞ்சம் பாத்துப் பாடுங்க.”

சின்னவர் ஒன்றும் விளங்காமல், தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து, எல்லாக் கதிரையையும் பிடுங்கித் தந்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

இந்த வருடமும் நான் அதே மேடையில் மைக்கோடு நின்றேன். உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கக் கிடைக்கிற இடம் அது. உண்மையைச் சொன்னால் நான் அங்கே போவது, எல்லாரும் போனபிறகு அந்த மனிதர் குனிந்து நிற்பதை ஒருதரம் பார்க்கத்தான்.