உள்ளபோயாச்சா சாரும் பதினேழாம் குப்பியும்

எங்கள் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆட்களோடு பேசுகிறவர்கள் நிறைய உண்டு. பேசியதற்குப் பதில் வந்ததாக நோட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவர் உள்ளபோயாச்சா சார் ஒருவர்தான்.

நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரி. அதன் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் விஞ்ஞானி, நான் குமாஸ்தா. வாதம் பிடித்த முழங்கால் முட்டில் அறுவை செய்யும்போது வெட்டி எடுக்கிற சவ்வை, நோயாளியின் சம்மதத்தோடு வாங்கி வருவார். அதிலுள்ள செல்களைக் குப்பியில் வளர்ப்பார். அவை நொதிகளைக் கக்கிச் சுற்றியுள்ள குருத்தெலும்பைக் கரைப்பவை. முட்டு தேய்வது அப்படித்தானாம்.

"கரைக்கிறவன் மேல கோவப்பட்டு என்ன பிரயோஜனம்? உத்தரவு போடுறவன் வேற ஆளாக்கும்" என்பார்.

அந்த ஆள் ஒரு புரதம். செல்லுக்குள் ஓரமாகச் சும்மா கிடக்கும். வீக்கத்தின் சேதி வந்ததும் நடுவிலுள்ள உட்கருவுக்குள் நுழைந்து, நொதிக்கான ஜீனை முடுக்கிவிடும். அதற்குப் பச்சைச் சாயம் ஏற்றி, ஜன்னலைக் கறுப்புத்துணியால் மூடி, பகலெல்லாம் நுண்ணோக்கியில் அதோடு பேசிக் காவல் இருந்து, அது உள்ளே போனதும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெளியே வந்தால் யாரைக் கண்டாலும் ஒரே விசாரிப்புதான்: "ஆள் உள்ள போயாச்சா?"

ஒருநாள் முதல்வர் அந்த அறைக்கதவைத் திறந்தார். கும்மிருட்டு. மூலையில் பச்சையாக ஒரு முகம் மட்டும் மிதந்தது.

"உள்ள போவாத கேட்டியா. போனியானா எல்லாம் நாசம்" என்றது முகம்.

முதல்வர் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார். "நான் வந்தேன்னு சொல்லாண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர், பிறகு அந்த மாடிக்கே வரவில்லை. சார் பேசியது புரதத்தோடு.

செல்கள் இருக்கும் வெப்பப்பெட்டிப் பக்கம் போக எனக்கும் கூசும். உடம்புச் சூட்டிலேயே அதை வைத்திருப்பார். கதவில் கை பட்டால் யாரோ ஒருவரின் நெற்றியைத் தொட்டதுபோல இருக்கும்.

போன மழைக்காலத்தில் கீரிப்பாறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டு வேலை.

"எனக்க அம்மைக்க முட்டு இங்க வளருதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. நெசமா அண்ணா?"

அம்மையின் பேரைக் கேட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். ஞானம்மாள், குப்பி எண் பதினேழு.

சாரிடம் சொன்னதும் எழுந்து வந்தார். "செருப்ப வெளிய போட்டுட்டு வா மக்கா" என்று அவளைக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் ஒரு படத்தை ஓடவிட்டார். ஒரு பகல் முழுவதும் நடந்தது ஒரே நிமிடத்தில் ஓடியது. குருத்தெலும்புக்குப் பதிலாகப் பரப்பிய கூழின்மேல் நீளநீளமான செல்கள் ஊர்ந்தன. அவை போன இடமெல்லாம் ஓட்டை விழுந்தது.

"இது எப்பம் எடுத்தது?"

"செவ்வாக்கெழம."

"அம்மைய அடக்கம் பண்ணி ஒண்ணர மாசமாச்சு" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைசி மூணு வருசம் கட்டில விட்டு எறங்கல்ல. இங்க நடக்குதே."



சார் இன்னொரு படத்தைப் போட்டார். அதே செல்கள். கூழில் ஓட்டை விழவில்லை. "இதுல மருந்து போட்டிருக்கேன். அந்தப் புரதத்த உள்ள விடல்ல."

"இத அம்மைக்குக் குடுத்திருக்கலாமே."

சார் படத்தை நிறுத்தினார். "குப்பிக்குள்ளதான் மக்கா இது சரியாவுது. அந்தப் புரதம்தான் நோய எதிர்க்கவும் உத்தரவு போடுது. உடம்பு முழுக்கத் தடுத்தா ஒரு காய்ச்சல்லயே ஆள் போயிரும். முட்டுல மட்டும் தடுக்க எனக்கு இன்னும் வழி கிட்டல்ல. ஒனக்கு மனசுக்கு ஒப்பல்லன்னா சொல்லு, இப்பமே நிறுத்தியிருவேன்."

அவள் வெப்பப்பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"இருக்கட்டும். காலத்த எந்திரிச்சா எனக்கும் முட்டு பிடிக்குது. வழி கிட்டுற வர இருக்கட்டும்."

வழி கிட்டவில்லை. குப்பியில் வளரும் அந்த மாதிரிச் செல்களுக்கும் ஆயுசு உண்டு. பங்குனியில் பதினேழாம் குப்பி பெருகுவதை நிறுத்தியது. சார் தண்ணீர் மாற்றிப் பார்த்தார், சத்து கூட்டிப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் செத்து உதிர்ந்து மிதந்தன.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. நேரில் சொல்வதற்காகக் கீரிப்பாறை பஸ் ஏறியிருந்தார். என் மேசையில் விடுப்புப் படிவம் கிடந்தது. காரணம்: துக்கம். இறந்தவர் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். நான் 'அம்மை' என்று எழுதி முதல்வருக்கு அனுப்பினேன்.