நூறு விழுக்காடு விழிப்புணர்வு

சம்பா நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்த மாசி மாதம். காலை பத்தரை மணி. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊருக்குக் கல்லீரல் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம் எழுந்தருளியது. முன்னால் சுகாதாரத் துறையின் ஜீப்பும், பின்னால் ஸ்கேன் கருவி பொருத்திய வெள்ளை வேனும் நெல்லின்மீதே ஏறி வந்தன. மக்கள் நலனுக்காக வருகிற வண்டிக்கு மக்களின் நெல் வழிவிடுவதே முறையாதலால் நாங்களும் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

அந்த வேனுக்காகவே காத்திருந்தவர் ஒருவர் உண்டு: நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் மேகலா. மகளின் பிரசவத்துக்கு இரத்தம் கொடுக்கப் போன இடத்தில், அவர் உடலில் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது தெரிந்தது. அதே கிருமியால் கல்லீரலில் கட்டி வந்து, வலி கண்ட மூன்றாம் மாதமே இறந்தவர் அவருடைய அண்ணன். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துடும்மா. சின்னதா இருக்கும்போதே புடிச்சாத்தான் உண்டு" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒன்றரை ஆண்டாக எடுக்கவில்லை. ஒரு ஸ்கேன் என்பது நான்கு நாள் கூலி.

சமுதாயக் கூடத்தின் வாசலில் முகாம் ஒருங்கிணைப்பாளர் திரு. புகழேந்தி வீற்றிருந்தார். உள்ளே செல்லுமுன் ஒவ்வொருவருடைய அறியாமையையும் அளக்க வேண்டும் என்பது ஆணை.

"கல்லீரல் எங்கம்மா இருக்கு?"

"வலது பக்கம், விலாவுக்குக் கீழ சார்."

"புற்றுநோய் எதனால வரும்?"

"பி கிருமி, சி கிருமி, குடி. பூஞ்சை புடிச்ச கடலையும் ஆகாதுன்னாங்க."

திரு. புகழேந்தியின் முகம் வாடியது. "உங்களுக்கு ஏற்கெனவே விழிப்புணர்வு இருக்கும்மா. இது இல்லாதவங்களுக்கான முகாம்."

"எனக்கு ஸ்கேன்தான் சார் வேணும்."

"ஸ்கேன் முகாமோட ஒரு பகுதி. முகாம்லயே நீங்க இல்லையே."

வரிசையில் நின்ற பெட்டிக்கடை ஜன்னத் பீவி, மேகலாவின் கையைப் பிடித்து இழுத்தார். "தெரிஞ்சதையெல்லாம் கொட்டுனா அப்படித்தான். தலையில முந்தானையப் போட்டுக்கிட்டுக் கடைசியில போய் நில்லு. வாயைத் தொறந்தா தப்பாத்தான் வரணும், சொல்லிட்டேன்."

மேகலாவின் முறை மீண்டும் வந்தது. திரு. புகழேந்தி விடைகளைப் பார்ப்பவரே அன்றி முகங்களைப் பார்ப்பவர் அல்லர்.

"கல்லீரல் எங்க இருக்கு?"

"முழங்கால்ல சார்."

"மிகச் சிறப்பு" என்று உள்ளே அனுப்பினார்.

சொற்பொழிவு ஒன்றரை மணி நேரம் நிகழ்ந்தது. உறுதிமொழி எடுத்தோம். கல்லீரல் வடிவ அட்டைக்குள் முகத்தை நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். நிறைவாக, அனைவரும் எழுந்து கல்லீரல் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒருவர் விடாமல் எல்லோரும் சரியாகக் காட்டிவிட்டால் எங்களுடையது நூறு விழுக்காடு விழிப்புணர்வு பெற்ற ஊர். அதன் பின்னரே துணிப்பையும் அதனுள் சாம்பார் சாதமும் வழங்கப்படும்.

ஊரே வலது விலாவைத் தொட்டது. மேகலாவின் கை மட்டும் முழங்காலில் இருந்தது.

திரு. புகழேந்தி ஓடி வந்தார். "ஏம்மா, இவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க? கையை மேல கொண்டு போங்கம்மா."

"போனா ஸ்கேன் எடுப்பீங்களா சார்?"

"போனா நீங்க விழிப்புணர்வு அடைஞ்சவங்க. அவங்களுக்கு முகாம்ல வேலை முடிஞ்சுது."

"போகலைன்னா?"

"விழிப்புணர்வு இல்லாதவங்களுக்கு ஸ்கேன் எடுத்து என்னம்மா பிரயோசனம்? புரியவா போகுது?"

"அப்ப அந்த மிஷினு யாருக்குத்தான் சார்?"

"அது முகாமுக்கும்மா."

ஜன்னத் பீவி எழுந்தார். "அவ முழங்காலையாவது ஸ்கேன் எடுத்துக் காட்டுங்க சார். அங்க கல்லீரல் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறா."

"முழங்கால் எங்க துறையில வராதும்மா."

இந்த இடத்தில்தான் நாங்கள் குறுக்கிட்டோம். "கையைத் தூக்கித் தொலையேன் மேகலா, சோறு ஆறுது" என்றது ஒரு குரல். "நெல்லு ரோட்டுல கெடக்கு, மாடு மேயுது" என்றது இன்னொன்று. "ஒருத்தியால ஊருக்கே கெட்ட பேரு" என்றது மூன்றாவது. ஊரின் பெயரைப் பற்றி அந்தக் குரல் அன்றுதான் முதன்முறையாகக் கவலைப்பட்டது.

மேகலா எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை எடுத்து வலது விலாவில் வைத்தார். அரங்கம் அதிரக் கைதட்டினோம். கதவு திறக்கப்படாத வேன், வந்த வழியே நெல்லின்மீது ஏறித் திரும்பிச் சென்றது.

பின்னர் நிகழ்ந்த பட்டுவாடா வருமாறு. ஒலிபெருக்கிக்கும் சாம்பார் சாதத்துக்கும் துறை அந்த வாரமே பணம் கொடுத்தது. துணிப்பைகளுக்குப் பங்குனி முதல் வாரத்தில். பங்குனிக் கடைசியில், உளுந்து பறித்த கூலி ஆயிரத்து இருநூறைத் தஞ்சாவூரில் கட்டி மேகலா ஸ்கேன் எடுத்தார். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. சித்திரையில் அங்கேயே மருத்துவமனையில் ஊசி செலுத்தி அதைச் சுட்டுப் பொசுக்கிய செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. பேருந்துக் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் ஜன்னத் பீவி கடைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முகாமின் பயனாக நோய் ஒன்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டதைப் பாராட்டி, வைகாசியில் திரு. புகழேந்திக்குத் துறை பத்தாயிரம் ரூபாயும் சான்றிதழும் வழங்கியது.

நாங்களும் சும்மா இருந்துவிடவில்லை. சித்திரையிலேயே ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கி, முகாமில் கொடுத்த பையில் போட்டு எடுத்துக்கொண்டு மேகலாவை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்தோம். பையை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டோம்.